மலைக்கு வந்த கடற்கரைக் காற்று

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவுகளில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். வறிய நாடுகளுக்கென்றே மலிவாகச் செய்த புதிய அளவுக் கருவி ஒன்று வரப்போகிறதாம். "சேர், நீங்க அந்தக் காலத்தில குறைஞ்ச வசதியோட எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதித் தாங்க. சின்னவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார்.

உற்சாகமாக எழுத என்னிடம் சரக்கு இல்லை. ஆனால் மலிவாகச் செய்த கருவி என்று கேட்டதும் வயிறு எரிந்தது. அதனால் எழுதுகிறேன். போட விருப்பமில்லையென்றால் போடாமல் விடட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து. பதுளையில் உயர்தரம் படித்து, கொழும்பில் கதிர்வீச்சு கொடுக்கும் பயிற்சி முடித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் என்ன கற்றார்களோ அதையே நானும் கற்றேன். தோட்டத்துப் பையன் என்பதால் இரண்டு தரம் கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஹாலிஎலவுக்கு மேலே மலையில் புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு தர்ம நிலையம் தொடங்கினார்கள். பெயர் வேண்டாம். யாரோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரி பாவித்துக் கழித்த, கதிர் கொடுக்கும் கோபால்ட் இயந்திரத்தை அவர்களுக்குத் தானமாகக் கொடுத்திருந்தது. தோட்டத்துச் சனம் கொழும்புக்குப் போய் ஆறு வாரம் தங்க முடியாது, பாதியில் விட்டுவிட்டு வந்து சாவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஓர் இடம் வந்தது பெரிய காரியம். நான் சந்தோசமாகத்தான் ஊருக்குத் திரும்பினேன். கதிர்வீச்சை எங்கள் சனம் 'கரண்டு புடிக்கிறது' என்று சொல்வார்கள். இருபது வருடம் நான் அங்கே கரண்டு பிடித்தேன்.

என்னுடைய மேலாள் குலநாயகம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பௌதிகவியலாளர். இயந்திரம் எவ்வளவு கதிர் விடுகிறது என்று அளந்து, அதை வைத்து ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை விநாடி, எங்கள் பேச்சில் எத்தனை செக்கன், என்று கணக்குப் போடுவது அவர் பொறுப்பு. செக்கனை வைத்துப் பொத்தானை அழுத்துவது என் பொறுப்பு. அளக்கும்போது அவருக்குக் கை உதவியும் நான்தான்.

அளவு எடுக்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு குழலை இறக்கி வைப்போம். குழலுக்குள் இருப்பது வெறும் காற்று. கதிர் படும்போது அந்தக் காற்றில் உண்டாகும் மின்னை ஒரு மீட்டர் எண்ணிச் சொல்லும். வெளிநாட்டுத் தொட்டி வாங்க நிலையத்துக்கு வழியில்லை. பதுளை டவுனில் பிளாஸ்டிக் தகட்டில் பெயர்ப் பலகை செய்கிற நஸார் நானாவிடம் போனேன். "நானா, தண்ணி ஒழுகக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் கூடக் கோணக் கூடாது" என்றேன். "மீன் வளக்கப் போறீங்களா தம்பி?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னதும் மூன்று தரம் செய்து, இரண்டைத் தானே உடைத்துப் போட்டார். மூன்றாவது தொட்டி நான் வேலையை விடும் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்தது காற்று. மலையில் காற்று ஐதாக, அடர்த்தி குறைவாக இருக்கும். உயரமான தோட்டங்களில் பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். குழலுக்குள் இருக்கும் காற்றும் அப்படியே ஐதாக இருக்கும், ஆகவே மீட்டர் குறைத்து எண்ணும். அன்றைய காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, குறைந்ததைக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு காற்றழுத்தமானி வேண்டும். ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது சுவரில் தொங்கிய ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள். பித்தளை வட்டம், கண்ணாடி, ஊசி. நான் கேட்டு வாங்கி வந்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பதுளையில் மழையும் வெயிலும் அளக்கிற அலுவலகத்துக்குப் போய் அவர்களுடைய கருவியோடு ஒப்பிடுவேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பார். "ஒங்களுக்கு எந்தக் கணக்கு வேணும்? நம்ம ஊர்க் கணக்கா, கடல் கணக்கா?" பல ஊர்களின் காற்றை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்பதற்காக, வானிலைக்காரர்கள் எல்லா ஊரின் அழுத்தத்தையும் அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அப்படி மாற்றித்தான் வெளியிடுவார்கள். ரேடியோவில் சொல்வதும் போனில் வருவதும் அந்தக் கடல் கணக்குத்தான். எங்களுக்கு வேண்டியது ஊர்க் கணக்கு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

குலநாயகம் சேர் அளவெடுப்பது ஒரு பூசை மாதிரி நடக்கும். முதல் நாள் பின்னேரமே தொட்டியை நிரப்பிவிட வேண்டும், தண்ணீர் அறைச் சூட்டுக்கு வரவேண்டும். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அவர் வந்து பேனாவைக் கைக்குட்டையால் துடைப்பார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். மீட்டரை அவர் பார்க்கமாட்டார். "நான் பார்த்தால் எனக்கு வேண்டிய இலக்கம்தான் என்ர கண்ணுக்குத் தெரியும். நீர் வாசியும்" என்பார். நான் வாசிப்பேன். அவர் எழுதி, எழுதியதைத் திரும்பச் சொல்வார். நான் சரி என்பேன். ஐந்து தடவை. காற்றழுத்தமானியின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத்தான் தட்ட வேண்டும். ஊசி ஒட்டிக்கொண்டிருந்தால் விடுபடும். ஒரு தரம் நான் இரண்டு முறை தட்டிவிட்டேன். "ஒண்டுதான் காணும். ரெண்டாந்தரம் தட்டினால், உமக்கு விருப்பமானதைச் சொல்லு எண்டு அதைக் கேக்கிறீர்" என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. ஆனால் அந்த மனுசனுடைய கணக்கை நம்பி என் அம்மாவையே அந்த மேசையில் படுக்க வைத்திருப்பேன்.

பிறகு நீலப் பெட்டி வந்தது.

வெளிநாட்டில் நல்ல மனசுள்ள சிலர் சேர்ந்து, ஏழை நாடுகளில் கதிர்வீச்சை அளக்க ஒரு மலிவான பெட்டி செய்திருந்தார்கள். குழல், மீட்டர், சூடு பார்க்கும் கம்பி எல்லாம் ஒரே நீலப் பெட்டிக்குள். கணக்கை ஒரு போன் போடும். அதைக் கொண்டுவந்த இஞ்சினியர் பெண் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் விளக்கினார். விலையைக் குறைக்க எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். காற்றழுத்தமானியையும் எடுத்துவிட்டார்களாம். போனே அந்த இடத்தின் அழுத்தத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கையால் எதையும் பதியத் தேவையில்லை, ஆகவே கை தவறவும் வழியில்லை. இடையிலுள்ள எண்கள் ஒன்றும் திரையில் வராது. பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று மறைத்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு விடை வரும், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் வரும்.

குழம்பிப்போகிறவர்கள் என்றால் யார்? நாங்கள்தான். பதினெட்டு வருடத்தில் ஒரு இலக்கத்தைப் பார்த்துக் குழம்பாத எனக்குக் குழம்பிவிடும் என்று, கடலைத் தாண்டி எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருக்க வேண்டும். பெட்டி அழகாக இருந்தது. எங்களையும் ஒருத்தர் நினைத்துச் செய்திருக்கிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் நாளே இரண்டு விதமாகவும் அளந்தோம். பழைய முறையில் வந்த விடை, கோபால்ட்டின் வலு மாதா மாதம் எவ்வளவு தேயும் என்ற அட்டவணையோடு ஒத்துப்போனது. நீலப் பெட்டியோ இயந்திரம் நூற்றுக்குப் பதினொன்று குறைவாகத்தான் கதிர் விடுகிறது என்றது. மூன்று நாள் அளந்தோம், மூன்று நாளும் அதே பதினொன்று. ஒவ்வொரு தடவையும் பச்சை 'சரி'.

"சேர், அட்டவணைக்கும் பழைய கருவிக்கும் ஒத்துப்போகுதுங்களே. பெட்டியிலதான் ஏதோ பிழை" என்றேன்.

"அட்டவணை, தானம் தந்தவன் எழுதித் தந்த கடதாசியை வைச்சுப் போட்டது. அவன் எழுதினது சரியெண்டு ஆர் கண்டது? உம்மட மற்றச் சாமான் துரை வீட்டுச் சுவரில கிடந்தது."

"வருசா வருசம் பாத்துத்தானேங்க வச்சிருக்கோம்."

அவர் பேனாவைத் துடைத்தார். "பதினெட்டு வருசம் உம்மட கண்ணை நம்பினனான். இனி மிஷினை நம்புவம்" என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நீலப் பெட்டியைப் பற்றிப் பேச வெளிநாட்டுக் கூட்டமொன்றுக்கு அவரை அழைத்திருந்தார்கள். அதுவரை அவரை யாரும் எங்கேயும் அழைத்ததில்லை. மலையில் ஒரு பழைய இயந்திரத்தோடு முடங்கிக் கிடந்த மனுசனுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு விளங்கியது. நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. மேலாள் ஒன்று சொன்னால் அதோடு சரி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போது எங்கள் அப்பாமார் எப்படி நின்றார்களோ, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

காற்றழுத்தமானியை அலுமாரிக்குள் வைத்தேன். இயந்திரம் பலவீனமாகிவிட்டது என்று எல்லோருக்கும் நேரத்தைக் கூட்டினோம். நூற்றிருபது செக்கன் வைத்த இடத்தில் நூற்றி முப்பத்தைந்து வைத்தேன். என் விரலால் வைத்தேன்.

மாரியாயி அக்கா அந்த மாதத்தில்தான் வந்தார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம், கொழுந்தெடுக்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல். கன்னத்துக்குள் புற்று. வெற்றிலை, பொயிலை, எங்கள் சனத்துக்கு வரும் வழக்கமான கதை. இனி வெற்றிலையைத் தொடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கூட வந்த புருசன் ராமையா அண்ணன், "தொட்டா கைய ஒடிச்சிருவேன் ஐயா" என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். தினமும் விடியற்காலை பஸ்ஸில் அவரே கூட்டி வருவார். அக்கா உள்ளே மேசையில் இருக்கும் அந்த நேரம் முழுக்க, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். கோயிலா இது, செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன், கேட்கவில்லை.

வாய்க்குக் கதிர் கொடுத்தால் வாய் புண்ணாவது வழக்கம். ஆனால் மூன்றாவது வாரமே அக்காவின் வாய் உள்ளே வெந்து தோல் உரிந்தது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த நாட்களில் வேறு சிலருக்கும் இப்படித்தான் இருந்தது. நான் அதையெல்லாம் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் சனமும் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்வதில்லை. துரையிடமும் டொக்டரிடமும் முறையிட்டுப் பழக்கமில்லை. வேலைக்குப் போகாததற்கு ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நான் அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, வெத்தில போட்டீங்களா?"

"இல்ல தம்பி."

"உண்மையச் சொல்லுங்க. நாக்கப் பாத்தா எங்களுக்குத் தெரிஞ்சிரும்."

அது பொய். நாக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா பயந்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவ தம்பி. நாத்தனா மகளுக்குப் பரிசம் போட்டாங்க. சம்பந்தி வீட்டம்மா தட்ட நீட்டுனாங்க. வேணாமுன்னா மரியாத இல்லாத பொம்பளன்னு நெனப்பாங்க. நாந்தான் தாய்மாமன் பொண்டாட்டி, எல்லாரும் என்னயத்தான் பாக்குறாங்க. ஒரு மடிப்பு வாயில வச்சேன். அந்தப் பக்கம் போயி துப்பிட்டேன் தம்பி, சத்தியமா."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. நேரே வெளியே போய் ராமையா அண்ணனைக் கூப்பிட்டேன். வரிசையில் நாலைந்து பேர் இருந்தார்கள், பார்க்கவில்லை.

"அண்ணே, நாங்க இங்க ஒன்னு செய்றோம், இவங்க அங்க ஒன்னு செய்றாங்க. பரிச வீட்டுல வெத்தில போட்டிருக்காங்க. வாயி வெந்ததுக்கு அதுதான் காரணம். இனிமே என்ன வந்தாலும் எங்களக் கேக்காதீங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். "மூனு வாரமா பெரட்டுக்குப் போவாம இவளோட அலையிறேன் தம்பி" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்த வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் தூரத்து வாங்கில்தான் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் மகன் கூட்டி வந்தான். சிகிச்சை முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது என்று டொக்டர் சந்தோசப்பட்டார். அந்தச் சந்தோசத்தில் மற்றதையெல்லாம் நான் மறந்தேன்.

நேரத்தைக் கூட்டி ஏழு மாதம் கழித்து அந்த இஞ்சினியர் பெண் திரும்ப வந்தார், பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க. குலநாயகம் சேர் வருவதற்குக் கொஞ்சம் நேரமிருந்தது. என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தார். நாங்கள் பார்க்காத எண்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. "பார்த்தீர்களா, உங்களுக்குத் தெரியாமலே உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சூடு இவ்வளவு, அழுத்தம் ஆயிரத்துப் பன்னிரண்டு மில்லிபார்.

அந்த மலையில் பதினெட்டு வருடத்தில் ஊசி தொள்ளாயிரத்துப் பத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"இது எந்த இடத்துக் காற்று?" என்று கேட்டேன்.

"இந்த இடத்துடையதுதான். வானிலைச் சேவையிலிருந்து வருகிறது."

"ஊர்க் கணக்கா, கடல் கணக்கா?"

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். பாதியிலேயே அவர் முகம் வெளிறியது. நான் அலுமாரியைத் திறந்து காற்றழுத்தமானியை எடுத்து வந்து மேசையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். தொள்ளாயிரத்து மூன்று. அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நாங்கள் சோதித்துப் பார்த்த ஊர்கள் எல்லாம் கடலோரம்" என்றார். கடலோரத்தில் இரண்டு கணக்கும் ஒன்றுதான். ஏழை நாடுகளுக்கு என்று செய்தவர்களுக்கு, ஏழை நாட்டில் மலையும் இருக்கும், மலையில் சனமும் இருக்கும் என்பது ஞாபகம் வரவில்லை.

கேட்கத் தெரிந்த கேள்வி அது. வருடா வருடம் அந்த உத்தியோகத்தர் என் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி. ஏழு மாதம் நான் அதைக் கேட்கவில்லை. கடல் கணக்கை வாங்கிய பெட்டி, மலைக்காற்றுக்காகக் கூட்ட வேண்டியதைக் கூட்டாமல் விட்டிருந்தது. இயந்திரம் பலவீனமாகவே இல்லை. நாங்கள்தான் எல்லோருக்கும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சேர் வந்தார். சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வாசியும்."

"தொள்ளாயிரத்து மூன்று, சேர்."

"திரும்ப வாசியும்."

ஐந்து தடவை வாசித்தேன். ஐந்து தடவையும் அவர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை புதிய நேர அட்டவணை வந்தது. பழைய நூற்றிருபது செக்கன் கணக்கு, ஏழு மாதத் தேய்மானத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி. மேலே 'வழமையான திருத்தம்' என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்தில் பெட்டிக்காரர்களும் தங்கள் தவறைச் சரிசெய்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். பயனாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய சிறு திருத்தம் என்று அதில் இருந்தது. பயனாளர் என்றால் நான்.

சேருடைய அறைக்குப் போனேன்.

"சேர், மாரியாயி அக்காவுக்கு என்னங்க சொல்றது?"

"ஆர் மாரியாயி?"

யாரென்று சொன்னேன். மற்றவர்களையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார். "தோட்டத்துச் சனம் கரண்ட் எண்டாலே பயந்து ஓடுற சனம். எவ்வளவு பாடுபட்டு இஞ்ச வரப் பண்ணினம் எண்டு உமக்குத் தெரியும். இதை வெளியில விட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். வராமல் சாகிறவையின்ர கணக்கை ஆர் எழுதுறது? நீரோ?" இன்னொன்றும் சொன்னார். "நாளாந்தப் பத்திரத்தில நேரத்துக்குப் பக்கத்தில கிடக்கிற கையெழுத்து உம்மட கையெழுத்து."

முதலில் சொன்னது உண்மை. அதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தது அதற்காக அல்ல, இரண்டாவது சொன்னதற்காக. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. பதினெட்டு வருடம் கெட்ட பெயர் எடுக்காமல் வேலை செய்தவன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டேன். வீட்டில் ஒரு அப்பியாசக் கொப்பியில் அந்த ஏழு மாதத்து ஆட்களின் பெயரை மட்டும் எழுதி வைத்தேன். எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. சேர் அந்த வருடமே விலகி வெளிநாட்டில் மகளிடம் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மாதம் தள்ளிப் போட்டேன். முழங்கால் வலி, மழை, மகள் பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசியில் போன ஆடியில் ஒரு நாள் பதுளையில் பசறை பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, தோட்டத்துப் பாதையில் நடந்து போனேன். முதலில் மாரியாயி அக்கா வீட்டுக்கு. கொப்பியில் முதல் பெயர் அவருடையது அல்ல. ஆனால் அவரைத்தான் நான் நாலு பேருக்கு முன்னால் குற்றவாளியாக்கினேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "கரண்டு தம்பி" என்றார். தாடை எலும்பு உக்கி ஒரு பக்கம் வெட்டி எடுத்திருந்தார்கள். கன்னத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் பேசினார். சொல் ஒவ்வொன்றும் தேய்ந்து வந்தது. மருமகள் சாந்தி அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து காம்பரா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஒங்களுக்கு வேண்டியதுக்கு மேல கரண்டு வச்சிட்டோம். அளவு பிழைச்சுப் போச்சு. பிழை எங்க பக்கம். சரியான அளவுல வச்சாலும் சில பேருக்கு எலும்பு இப்படி ஆகும், அதனால ஒங்களுக்கு எதால ஆச்சுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்த ஒரு மடிப்பு வெத்திலையால ஆகல. அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

அக்கா வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "சாந்தி, இங்க வா. தம்பி சொல்றதக் கேளு." என் பக்கம் திரும்பி, "திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சாந்தி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்து, "கேட்டியா? வெத்தில இல்லியாம். நான் ஒன்னும் பண்ணலியாம்" என்றார். அந்த வாயில் சிரிப்பு எப்படி வரும்? ஆனால் கண் சிரித்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார், அவருக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். "அண்ணன் எங்க, வேலைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டேன்.

சாந்தி தலையைக் குனிந்துகொண்டார். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"போன பொங்கலுக்கு மொத வாரம்" என்றார் அக்கா. "நெஞ்சு வலின்னாரு, மூனாம் நாளு போயிட்டாரு." பிறகு கேட்டார்: "ஒங்களுக்கு இது எப்பத் தெரியும் தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு வருசம் ஆவப் போவுதுக்கா" என்றேன்.

அக்கா விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் விரல்களை விரிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னதுக்குப் பொறவு அவரு எங்கிட்ட பேசல தம்பி. ஒரே காம்பராவுலதான் இருந்தோம். சோறு வச்சா சாப்புடுவாரு, பேசமாட்டாரு. கடைசியில வாயில பால் ஊத்தச் சொன்னாங்க. மகன் ஊத்துனான், சாந்தி ஊத்துச்சு, நாத்தனா ஊத்துனாங்க. குடிச்சாரு. நான் கிட்டப் போனேன். வாய மூடிக்கிட்டாரு."